இடப்பக்கத்து இருக்கை

பெங்களூர் ரயில் வர இன்னும் நிறைய நேரம் கிடந்தது. சிங்காநல்லூரிலிருந்து கோயம்புத்தூர் ஜங்ஷனுக்கு என்ன நெரிசலாக இருந்தாலும் முக்கால் மணி நேரம் போதும். ஆனாலும் சென்னியப்பன், சாப்பிட்ட கை காய்வதற்குள் போர்ட்டிகோவுக்கு வந்து, ஒரு கையில் நீலக் காரின் சாவியும் மறுகையில் வெள்ளிநிறக் காரின் சாவியுமாக நின்றுவிட்டார். எதை எடுப்பது? பத்து மாதம் கழித்து ஊர் திரும்பும் மனைவியைக் கூட்டிவரப் போகிற மனுஷனுக்கு யோசிக்க வேறு எவ்வளவோ இருக்க, இதுவா கேள்வி என்றால், ஆமாம், அவருக்கு இதுதான் கேள்வி. மற்ற கேள்விகளின் பக்கத்தில் போகவே பயமாக இருந்ததால் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இரண்டும் ஜெர்மன் வண்டிகள், இரண்டிலும் எட்டு சிலிண்டர், அறுநூறு குதிரைத் திறன், நான்கு கதவு, பின்னால் டிக்கி. பார்க்கிறவர்களுக்கு ஏதோ பெரிய கார், அவ்வளவுதான். அதுதான் அவருக்குப் பிடித்தது. இரண்டே கதவோடு தரையில் படுத்துக் கிடக்கிற வண்டியை வாங்கி, உறை போட்டு மூடி, மாதம் ஒரு நாள் சாமி புறப்பாடு போல வெளியே எடுக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம். வண்டி என்றால் அதிலேயே இரும்பு வார்க்கிற பவுண்டரிக்குப் போகவேண்டும், காய்கறிக்குப் போகவேண்டும், கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் போகவேண்டும், அதே வண்டி பைபாஸில் ஏறினால் எதிரில் இருப்பதையெல்லாம் பின்னால் தள்ளிவிட்டுப் போகவேண்டும். நீலம் முதலில் வந்தது. அதை விற்றுவிட்டுத்தான் வெள்ளி என்று இருந்தார், வெள்ளி வந்து நின்றதும் ஒரு வாரம் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு விற்கலாம் என்று தோன்றியது, அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. நீலத்தின் ஸ்டியரிங் கேட்டவுடன் பதில் சொல்லும், வெள்ளி ஒரு நொடி யோசித்துச் சொல்லும். ஆனால் நீலம் பள்ளத்தில் இறங்கினால் இடுப்பில் தெரியும், வெள்ளியைக் கம்ஃபர்ட் என்கிற பட்டனில் போட்டால் மெத்தென்று இறங்கி ஏறும். ஊருக்குள் ஊர்ந்து போக நீலத்தின் கியர் நல்லது, வெள்ளி முதல் கியரில் கொஞ்சம் விக்கும். சத்தம் என்று பார்த்தால் நீலம்தான். உட்கார்ந்து எழ வெள்ளிதான். பூங்கொடிக்கு எது பிடிக்கும்? அவள் ரயிலில் வெகுநேரம் உட்கார்ந்து வருகிறவள், இடுப்பு வலிக்கும், ஆகவே வெள்ளி. இப்படி ஒரு முடிவு கிடைத்ததில் அவருக்கு அன்றைக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் தெம்பு வந்தது.

நீலத்தின் சாவியை வாங்கிக்கொண்டு கேட்டைத் திறந்துவிட்ட வாட்ச்மேன் மயில்சாமி, அம்மா இன்னைக்கு வந்துருவாங்களா என்று கேட்டான். வருவாள் என்றார் சென்னியப்பன். வருவாள், கோயம்புத்தூருக்கு வருவாள், ஆனால் வீட்டுக்கு வருவாளா என்பது அவருக்கே தெரியாது. மூன்று நாளைக்கு முன்பு போனில், அண்ணன் பையன் கல்யாணத்துக்கு வருகிறேன், பகல் ரயிலில் டிக்கெட் போட்டாயிற்று என்று சொன்னாள். எங்கே தங்குகிறாய் என்று கேட்டிருக்கலாம். கட்டிய மனைவியிடம் எங்கே தங்குகிறாய் என்று கேட்டால், வேறு எங்கேயும் தங்கலாம் என்று நாமே ஒத்துக்கொண்டதாக ஆகிவிடாதா. அவளுடைய அண்ணன் வீடு சாய்பாபா காலனியில், கல்யாண வீடு, ஆட்கள் நிறைந்திருப்பார்கள், அங்கே தங்கினாலும் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். நான் ஸ்டேஷனுக்கு வர்றேன் என்று மட்டும் சொன்னார். அவள், சரிங்க என்றாளா, எதுக்குங்க என்றாளா, இப்போது யோசித்தால் இரண்டும் கேட்ட மாதிரி இருக்கிறது. போன ஆடியில் மகள் சிந்துஜாவின் பிரசவத்துக்காகப் பெங்களூர் போனவள். குழந்தைக்கு மூன்று மாதம் ஆகட்டும் என்றாள், பிறகு தலை நிற்கட்டும் என்றாள், பிறகு பல் முளைக்கட்டும், சோறு ஊட்டிப் பழகட்டும் என்றாள். ஒவ்வொன்றும் நியாயமான காரணம். நியாயமான காரணங்களை அடுக்கிக்கொண்டே போனால் அதற்கு என்ன பேர் என்று அவருக்குத் தெரியவில்லை, சொந்தக்காரர்களுக்குத் தெரிந்திருக்கலாம், அவர்கள் இப்போதெல்லாம் பூங்கொடியைப் பற்றிக் கேட்பதில்லை. கேட்டுக்கொண்டிருந்தார்கள், நின்றுவிட்டது. எப்போது நின்றது? பொங்கலுக்குக் கேட்டார்கள். சித்திரையில் கேட்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த உள்ளங்கை வேர்த்திருந்தது, ஏசியைக் கூட்டினார். வெள்ளியின் ஏசி நீலத்தைவிடச் சீக்கிரம் குளிரும், அதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

தெரு முனையின் வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியது. சத்தம் இல்லை. இந்தச் சத்தமில்லாமைக்கு அவர் இன்னும் பழகவில்லை. கார்ப்பரேஷன்காரர்களுக்கு என்ன கோபமோ, அந்தத் தெருவில் மட்டும் ஒரு குட்டிச்சுவரைப் படுக்கவைத்த மாதிரி தடை போட்டிருந்தார்கள். நீலமோ வெள்ளியோ, பக்கத்தில் ஆள் இருந்தால் வண்டியின் அடி வயிறு உரசும், அந்தச் சத்தம் அவருடைய பல்லில் கூசும். தனியாகப் போனால் உரசாது. பத்து மாதமாக ஒரு நாளும் உரசவில்லை. முதல் மாதம் அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தது. இப்போது ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வரும்போது காது தானாக விடைத்துக்கொள்கிறது, ஒன்றும் கேட்காமல் தாண்டியதும் நெஞ்சுக்குள் ஏதோ இறங்குகிறது. திருச்சி ரோட்டில் ஏறி ராமநாதபுரம் போகும்வரை வண்டி ஊர்ந்தது. அறுநூறு குதிரையும் ஒரு தக்காளி ஆட்டோவுக்குப் பின்னால் அடக்க ஒடுக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. சுங்கம் சிக்னலில் பக்கத்தில் நின்ற மொபெட்காரர் ஒருவர் கண்ணாடியைத் தட்டி, சைகையில் இறக்கச் சொல்லி, வண்டி எவ்வளவு மைலேஜ் தருகிறது என்று கேட்டார். ஊருக்குள் நாலுதான் தரும். சென்னியப்பன் ஒன்பது என்றார். அதற்கே அந்த மனுஷர் முகத்தில் அப்படி ஒரு இரக்கம் தெரிந்தது, தன் மொபெட் அறுபது தருவதாகச் சொன்னார், பச்சை விழுந்ததும் பார்த்துப் போங்க என்று சொல்லிவிட்டுப் போனார். கண்ணாடியை ஏற்ற மனம் வரவில்லை. இன்றைக்கு மயில்சாமியைத் தவிர தன்னோடு பேசிய ஒரே ஆள் அவர்தான் என்று தோன்றியது. நேற்றும் இப்படித்தான் ஒரு பெட்ரோல் பங்க்கில். யாராவது காரைப் பற்றிக் கேட்டால்தான் அவருக்கு வாய் திறக்கிறது. காரைப் பற்றிக் கேட்காமல் போய்விட்டால் என்ன பேசுவது? பூங்கொடி காரைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை.

இல்லை, ஒன்று கேட்டிருக்கிறாள். நீலம் வந்த புதிதில், இதே தெருத் தடையில் அது உரசியதும் அவர் துடித்துப்போய், இறங்கிக் குனிந்து பார்த்துவிட்டு, பூங்கொடி, நீ கொஞ்சம் எறங்கிக்கோ என்றார். அவள் இறங்கி ஓரமாக நடந்தாள், அவர் தலையை வெளியே நீட்டி, வண்டியைக் கோணலாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினார், சத்தமே இல்லாமல் தாண்டியது, அவள் வந்து ஏறிக்கொண்டு, நான் அவ்வளவு கனமாவா இருக்கேனுங்க என்று கேட்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்தார்கள் என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு எந்தத் தடை பெரியதோ அங்கெல்லாம் அவள் இறங்கினாள். பட்டுச்சேலையோடு இறங்கினாள், சீர்த்தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினாள், மழையில் குடையோடு இறங்கினாள். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். வருஷம் போகப் போக அவர் சொல்லவே வேண்டியதில்லை, வண்டி வேகம் குறைந்ததும் அவள் பெல்ட்டைக் கழற்றுகிற சத்தம் கேட்கும். நல்ல புரிதல் என்று அவர் நினைத்தார். வேறு யாருடைய சம்சாரம் இப்படி ஒத்தாசையாக இருக்கிறாள். போன வருஷம் தொண்டாமுத்தூரில் ஒரு புது வீடு குடிபுகும் விசேஷம், அதற்குப் போகும்போது பேரூர் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே புதிதாக ஒரு தடை, போட்ட தார்கூடக் காயவில்லை. வெள்ளி வந்து இரண்டு வருஷம் ஆகியும் ஒப்பீடு ஓயவில்லை. அவள் இறங்கினாள். அவர் காதைத் தீட்டிக்கொண்டு கோணலாக ஏற்றினார். முன் சக்கரம், சத்தமில்லை. நடு வயிறு, சத்தமில்லை. நீலமாக இருந்தால் இங்கே கட்டாயம் உரசியிருக்கும் என்று நினைத்தார், அந்த நினைப்பில் உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி, கால் தானாக அமுங்கியது, வெள்ளி வாய்திறந்தது, அந்தப் புளியமரச் சாலையில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, நீலத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு போனார். எவ்வளவு தூரம் போனார் என்று இன்றைக்கும் சரியாகத் தெரியாது. இடப்பக்கத்து இருக்கையில் அவள் கைப்பைக்குள் போன் அடித்தது. போன் அடிக்குது பாரு, எடு என்றார். மறுபடியும் அடித்தது. எடுத்துப் பேசு, நான் சத்தத்தைக் குறைக்கறேன் என்று சொல்லித் திரும்பிப் பார்த்தார்.

திருப்பிக்கொண்டு வந்தபோது அவள் அங்கே இல்லை. டீக்கடைக்காரர், அந்த அம்மா கொஞ்ச நேரம் நின்னு பாத்துச்சு, அப்பறம் டவுன் பஸ்ஸுல ஏறிப் போயிருச்சுங்க என்றார். கையில் பைசா இல்லை, போன் இல்லை, பெண்களிடம் காசு வாங்காத பஸ், அதில் பட்டுச்சேலையும் நகையுமாக வீடு போய்ச் சேர்ந்திருந்தாள். அவர் வீட்டுக்குள் போனபோது சேலையை மாற்றிக்கொண்டு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். அவர் என்னென்னவோ சொன்னார். அவள், பரவால்லைங்க, ஆனது ஆயிப்போச்சு என்றாள். திட்டவில்லை, அழவில்லை, முகத்தைத் தூக்கி வைக்கவில்லை. அத்தோடு போயிருக்கும், போயிருக்க வேண்டும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்ததே. ஞாயிறு காலையில் வண்டிப் பைத்தியங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேலம் ரோட்டில் போய் டிபன் சாப்பிட்டுவிட்டு வருவது வழக்கம், நூற்பாலை முதலாளிகள், ஒரு பல் டாக்டர், ஒரு நகைக்கடைக்காரர். அங்கே நெய் ரோஸ்ட்டுக்குக் காத்திருந்தபோது வண்டியின் அடிக்கும் தரைக்கும் உள்ள உயரத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. வெள்ளி மாதிரி வண்டி தடையில் மாட்டும் என்று யாரோ சொன்னார்கள். விடுவாரா சென்னியப்பன், கதையைச் சொன்னார். புதுத் தடை, என்ன உயரம், ஆளை இறக்கியதும் எவ்வளவு சுத்தமாகத் தாண்டியது, தாண்டிய ஜோரில் சம்சாரத்தையே மறந்துட்டேன்னா பாத்துக்கோங்க. மேஜை முழுக்கச் சிரித்தது. பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவர் வண்டியின் பெருமைக்காகத்தான் சொன்னார், அவளைக் கேலி செய்யவில்லை, ஒரு துளிகூட இல்லை, ஆனால் அந்தக் கதையில் அவள் எங்கே இருந்தாள்? இறக்கி வைத்த பாரமாக இருந்தாள். பல் டாக்டரின் மனைவி கோயிலில் பார்த்துப் பூங்கொடியிடமே கேட்டுச் சிரித்தாளாம். அன்றைக்கும் பூங்கொடி வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை, சிந்துஜா ஒருநாள் போனில் சொல்லித்தான் தெரியும். அடுத்த மாதம் பெங்களூர் போய்விட்டாள். அந்தக் கோபம்தான், வேறென்ன, அந்தக் கோபம் தணிந்திருந்தால் வீட்டுக்கு வருவாள். இன்றைக்கு மன்னிப்புக் கேட்டுவிடவேண்டும். உன்னை மறந்துட்டுப் போனதும் தப்பு, அதை நாலு பேருகிட்டச் சொன்னது அதைவிடத் தப்பு. இதை அவர் பத்து மாதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறார், வெள்ளியிலும் சொல்லிப் பார்த்தார், நீலத்திலும் சொல்லிப் பார்த்தார், நீலத்தில் சத்தம் அதிகம் என்பதால் கொஞ்சம் தைரியமாக வந்தது.

ஸ்டேஷனில் கார் நிறுத்துமிடத்தில் ஒரு வேப்பமர நிழல் கிடைத்தது. ரயில் தாமதம் என்று ஒலிபெருக்கி சொன்னது. இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார். எங்கே தங்குவாள். பெட்டியை டிக்கியில் வைத்ததும் சிங்காநல்லூர்தானே என்று இயல்பாகக் கேட்டுப்பார்க்கலாம். கேட்காமலே ஓட்டிவிடலாம். சாய்பாபா காலனிக்குத் திரும்பும் இடத்தில் அவள் ஏதாவது சொல்வாளா? அந்த இடத்தை நினைத்ததும் தண்ணீர் பாட்டிலைத் தேடினார். அது இடப்பக்கத்து இருக்கையில், டயருக்குக் காற்றடிக்கும் கருவி, துடைக்கிற துணி, மழைக்கோட்டு எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. அடக் கடவுளே, அவள் உட்காருகிற இடத்தை இப்படியா வைத்திருப்பது. இறங்கிச் சுற்றி வந்து அந்தப் பக்கக் கதவைத் திறந்து, எல்லாவற்றையும் டிக்கியில் போட்டுவிட்டு, இருக்கையைத் துடைத்தார். தூசி இருக்கிறதா என்று பார்க்க உட்கார்ந்தும் பார்த்தார். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, இந்தக் காரில் இந்த இடத்தில் அவர் உட்கார்ந்ததே இல்லை. நீலத்திலும் இல்லை. இத்தனை ஒப்பிட்டாரே, ஸ்டியரிங்கை, கியரை, பிரேக்கை, ஏசி குளிர்கிற நேரத்தை. இந்தப் பக்கத்திலிருந்து இரண்டில் எது தேவலை என்று அவருக்குத் தெரியாது. கண்ணாடி வேறு மாதிரி இருந்தது. வேகம் காட்டும் எண் தெரியவில்லை. பிடிப்பதற்கு மேலே ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். லாரியை முந்தும்போது அதன் சக்கரங்கள் இந்த ஜன்னலை ஒட்டித்தானே போயிருக்கும். ஓட்டுகிற பக்கத்தில் அவருக்கு எப்போதும் காலி ரோடுதான் தெரிந்தது. காலை நீட்டினார். பாதம் எதிலோ நெருடியது. குனிந்து பார்த்தால் கால்மிதியில், முன்பக்கம், வலது ஓரமாக ஒரு வட்டம், உள்ளங்கை அளவு, ரோமமெல்லாம் தேய்ந்து அடி நூல் தெரிந்தது. எலி கடித்திருக்கிறதோ என்று முதலில் நினைத்தார். விரலால் தடவினார். கடித்தது இல்லை, தேய்ந்தது. மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்து வலது காலை நீட்டியபோது அது நேராகப் போய் அந்த வட்டத்தில் உட்கார்ந்தது, ஓட்டும்போது அவருடைய கால் எதை அமுக்குமோ அதை அமுக்கியது. ஓட்டுகிற பக்கத்தில் அந்த இடத்தில் பிரேக் இருக்கும். இந்தப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. வெறும் தரை. அதை அவள் அமுக்கியிருக்கிறாள், ஒருநாள் இரண்டு நாள் இல்லை, கம்பளி தேய்ந்து நூல் தெரிகிறவரைக்கும். பைபாஸில் அவர் வேகம் எடுத்ததும் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். இருநூறில் தூங்குகிறாள் பார், என்ன சொகுசான வண்டி என்று அவர் நினைத்துக்கொள்வார், நினைத்ததோடு நிற்காமல் நெய் ரோஸ்ட் மேஜையில் அதையும் சொல்லியிருக்கிறார். அவள் தூங்கவில்லை.

வீட்டுக்குப் போன் போட்டார். மயில்சாமி எடுத்ததும், நீலத்தைத் திறந்து இடப்பக்கத்துக் கால்மிதியைப் பார்த்துச் சொல் என்றார். அவன் எதற்கென்று கேட்கவில்லை. செருப்புச் சத்தம், கதவுச் சத்தம் எல்லாம் கேட்டது. அங்கே அந்த வட்டம் இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டார், யாரை வேண்டினார் என்று தெரியாது. வெள்ளி புதுசு, வெள்ளிதான் வேகம் அதிகம், நீலத்தில் ஓட்டியபோது நிதானமாகத்தான் இருந்தோம், அப்போது சிரித்தாளே, அப்போது இருந்திருக்காது. அம்மா கால் வெக்கற எடந்தானுங்களே, அது இதுல ஓட்டையே உழுந்துருச்சுங்க, புதுசு வாங்கிப் போட்டரலாமுங்களா என்றான் மயில்சாமி. வேண்டாம், இருக்கட்டும் என்று சொல்லி வைத்தார். நீலத்தில் அதிகம், வெள்ளியில் குறைவு. இத்தனை வருஷ ஒப்பீட்டில் சந்தேகத்துக்கு இடமில்லாத முடிவு இது ஒன்றுதான். அவருக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது, சொல்லியிருக்கலாமே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று வந்தது, உடனே ஒரு சந்தேகமும் வந்தது, சொன்னாளோ? எதையோ சொல்வாள். கொஞ்சம் என்று ஆரம்பித்து ஏதோ சொல்வாள். கொஞ்சம் என்ன? அந்த வார்த்தைக்குப் பிறகு வருவது இன்ஜின் சத்தமாகத்தான் அவர் காதில் இருந்தது. எவ்வளவு முயன்றும் அது விலகவில்லை. மன்னிப்புக் கேட்கத் தயாராக்கி வைத்திருந்த வார்த்தைகள் இப்போது வேறு யாருக்கோ, வேறு எதற்கோ எழுதியவை போல இருந்தன. ரயில் வந்துவிட்டதாக ஒலிபெருக்கி சொன்னது. எழுந்து பிளாட்பாரத்துக்குப் போகவேண்டும், பெட்டியை வாங்கவேண்டும். எழ முடியவில்லை. ஆட்கள் வெளியே வரத் தொடங்கினார்கள், ஆட்டோக்காரர்கள் முன்னால் போய் நின்றார்கள். கூட்டத்தில் பூங்கொடியை அவர் நடையை வைத்தே கண்டுபிடித்தார். நூல் சேலை, சக்கரம் வைத்த பெட்டி, காதோரம் நரை கூடியிருந்தது. அவள் காரைப் பார்த்தாள், ஓட்டுகிற பக்கம் காலியாக இருப்பதைப் பார்த்தாள், நின்றாள், பிறகு இந்தப் பக்கம் வந்து, இறக்கியிருந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றாள்.

“டிரைவர் போட்டுட்டீங்களா?” என்றாள்.

இல்லை என்று தலையை ஆட்டினார். நல்லாயிருக்கியா, குழந்தை நல்லாயிருக்கிறதா, எதையும் கேட்கவில்லை.

“என்ற வண்டியில வர்றப்ப உனக்குப் பயமா இருக்குமா, பூங்கொடி?”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவருடைய கால் இருந்த இடத்தைப் பார்த்தாள். பெட்டியின் கைப்பிடியை உள்ளே தள்ளி நிமிர்த்தி வைத்தாள்.

“இருக்கும்” என்றாள். “ஆரம்பத்துல சொல்லீட்டுத்தான் இருந்தனுங்க. கொஞ்சம் மெதுவாப் போங்கன்னா, கம்ஃபர்ட்ல போடறேன்னு பட்டனை அமுக்குவீங்க. அப்பறம் உட்டுட்டேன்.”

கதவைத் திறந்துகொண்டு இறங்கி அவள் எதிரே நின்றார். தயாராக வைத்திருந்ததில் மிச்சமிருந்தது அவசரமாக வந்தது. அன்றைக்கு வழியில் விட்டுவிட்டுப் போனது, அதை வெளியில் சொல்லிச் சிரித்தது, அந்தக் கோபத்தில்தான் அவள் போனாள் என்று தனக்குத் தெரியும், எல்லாம் தன் தப்புத்தான் என்று சொன்னார். அவள் நடுவில் பேசாமல் முழுக்கக் கேட்டாள்.

“கோவமெல்லாம் இல்லீங்க. நீங்க போனதும் அந்த எடத்துலயே நின்னுட்டிருந்தேன். திரும்பி வந்துருவீங்களோன்னு பாத்துட்டே இருந்தேன். வரல. மனசு அவ்வளவு லேசா ஆயிருச்சு. கட்டுன புருசன் நடுரோட்டுல உட்டுட்டுப் போயிட்டாரு, நமக்கு எதுக்கு இப்பிடி நிம்மதியா இருக்குதுன்னு எனக்கே பயமாப் போச்சு. அதுக்கப்பறம் வந்து மறுபடியும் எப்பிடிங்க அந்த சீட்டுல உக்கார்றது?”

விளக்கம் சொல்ல அவர் வாயில் ஏராளமாக வந்தது, எல்லாம் வண்டியைப் பற்றியதாக இருந்தது. அதற்குள் அவளுடைய அண்ணன் வீட்டு டிரைவர் வந்து, வணக்கம் சொல்லி, பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். கல்யாணம் முடியட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றாள் அவள். சரி என்றார். அவள் இரண்டடி போனதும் ஏதாவது கேட்டு நிறுத்தவேண்டும் போல இருந்தது. பயணமெல்லாம் எப்படி இருந்தது என்று கேட்டார். முப்பத்தொரு வருஷத்தில் அவளிடம் இதை அவர் கேட்டதில்லை, கேட்கத் தேவையும் இருந்ததில்லை, எல்லாப் பயணத்திலும் அவர்தானே ஓட்டினார்.

பூங்கொடி திரும்பி நின்றாள்.

“நல்லாத் தூங்கீட்டே வந்தனுங்க” என்றாள்.